தலையணை உறை மேசைக்கு வராத மாதங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் வேலையிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தாளை எடுத்தேன். இங்கே எனக்கு முழங்கால் வழக்கம்போல, உன் அப்பாவுக்குக் காது வழக்கம்போல, மற்றபடி வீடு நிமிர்ந்து நிற்கிறது. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு ஒன்று விடாமல் வரும். உன் அண்ணன் மகன் விமான இன்ஜின் பழுது பார்க்கிற படிப்பில் முதல் வகுப்பில் தேறி, முடித்த இரண்டாம் வாரமே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை, முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் இப்போது தலைக்கு மேலே விமானம் போனால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, "சத்தம் சரியில்ல, நம்ம பய கைக்கு வந்தாத்தான் சரியாகும்" என்கிறார், அந்தக் காதில் நான் கூப்பிடுவது மட்டும் விழாது. அவன் தங்கை, வயது ஒன்பதுதான், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். அவளைப் பேச வைத்ததற்கு என்ன பெரிய பரிசு, நிறுத்தச் சொல்லி நிறுத்த வைக்கிறவருக்கு நான் தருகிறேன் பரிசு என்று உன் அண்ணி சொல்கிறாள், ஆனால் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியதும் அவள்தான். நம் பம்பரம், உன் மகள், எல்லாப் பள்ளிகளுக்கும் நடந்த போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தது உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி கால்சட்டை, ஒரே மாதிரி சடை, நான் ஒரு சுற்று முழுக்க வேறு யாரோ பெற்ற பிள்ளைக்குக் கை தட்டிவிட்டேன், இரண்டாம் சுற்றில்தான் நம்மவள் முன்னால் போய்விட்டது தெரிந்தது. கோப்பை ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. பால்காரர், மின்சார மீட்டர் பார்க்கிறவர், யார் வந்தாலும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைக் காட்டிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு இவ்வளவும் போதும்.

இதை எழுதி முடித்துவிட்டு பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த வரியை எழுத பயந்துதான் எழுந்து போனேன். எழுதிவிடுகிறேன். உன் மகளுக்கு ஆறு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, நீ நினைக்கிறது இல்லை. நான் அதைத்தான் நினைத்தேன், நினைத்ததோடு நிற்காமல் கேட்டும் விட்டேன், அந்தப் பாவத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இவள்தான் சொன்னாள், "போன்ல சொன்னா அம்மா கத்துவாங்க பாட்டி, லெட்டர்ல சொன்னா கத்தி முடிச்சிட்டுத்தான் நம்மகிட்டப் பேசுவாங்க" என்று. அதனால் கத்த வேண்டியதை அங்கேயே கத்திவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

மாதா மாதம் மளிகைச் சாமானோடு அவளுக்கு ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கிக் குளியலறை அலமாரியில் வைப்பது என் வழக்கம், அது உனக்குத் தெரியும், அவளை என்னிடம் விட்டு வெளிநாடு கிளம்பும்போது நீதான் சொல்லிவிட்டுப் போனாய். நான்காவது பாக்கெட்டை வைக்கப் போனபோது அது உள்ளே போகவில்லை. எட்டிப் பார்த்தால் முன்னால் வாங்கிய மூன்றும் பிரிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கணக்குப் பார்ப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்ததைத்தான் நீ பார்த்திருக்கிறாய், சாயந்திரம் வீட்டுக்கு வருகிற சோப்பு வாசனை அம்மாவைத்தான் உனக்குத் தெரியும். உள்ளே எப்படி என்று உனக்குச் சொன்னதே இல்லை. படுக்கை விரிப்பு மடிப்பது ஜோடி வேலை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு மூலையையும் பிடித்து, ஒரு உதறு உதறி, பின்னால் ஓர் அடி போய் இழுத்து, முன்னால் வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே. யாருக்காவது அந்த நாட்கள் வந்துவிட்டால் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் போய் ஜன்னல் பக்கத்துத் தலையணை உறை மேசையில் உட்கார்ந்துகொள்வாள், அங்கே இருக்கிறவள் எழுந்து இவள் இடத்துக்கு விரிப்பு மடிக்க வருவாள். தலையணை உறை உட்கார்ந்தே மடிக்கலாம், கனமும் இல்லை. இதை சூப்பர்வைசர் ஏற்படுத்தவில்லை, அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியவும் தெரியாது, ஏன் இவர்கள் நாளுக்கொரு இடத்தில் நிற்கிறார்கள் என்று தலையைச் சொறிவார். எங்களுக்கு முன்னால் இருந்த பெண்கள் ஏற்படுத்தியது, நாங்கள் காப்பாற்றினோம். ஆனால் அதில் ஒரு வினை உண்டு. ஒருத்தி மாதாமாதம் அந்த மேசைக்கு வருகிறாளா இல்லையா என்று மற்ற பதினொரு பேருக்கும் தெரிந்துவிடும். இரண்டு மாதம் வராவிட்டால் கண்ணைச் சிமிட்டுவார்கள், மூன்றாம் மாதம் வராவிட்டால் யாராவது மாங்காய் இருக்கிற பையைத் திறந்து காட்டிக் கேலி செய்வார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் சோதனைச் சாலை.

அந்தப் புத்தியோடுதான் நான் நான்கு பாக்கெட்டையும் பார்த்தேன். மேசைக்கு வரவில்லை என்றால் முழுகாமல் இருக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளித் தன் மகன் வீட்டில் இருக்கிற நெட்டச்சியிடம் போனேன், உனக்கு நினைவிருக்கும், என் ஜோடி, நிலைப்படியில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தெரியாதவள். யார் வீட்டுப் பெண் என்று சொல்லாமல், தெரிந்த இடத்தில் ஒரு பதினேழு வயசுப் பிள்ளை, இப்படி, என்றேன். எண்பது வயசுக்கும் அவள் வாய் தேயவில்லை, "மூணு மாசம் நாள் தள்ளிப்போனா வேற என்னடி, முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பல்செட்டைக் கழுவப் போய்விட்டாள். நான் நேரே வீட்டுக்கு வந்தேன். இவள் ஓட்டப் பயிற்சி முடித்து அடுப்படியில் நின்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, "யாருடி அவன்" என்றேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை, எவன் பாட்டி என்றாள். நான் நான்கு பாக்கெட்டையும் கொண்டுவந்து மேடையில் வைத்தேன். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "உங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும் இல்ல" என்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டதையும் பாதி வைத்துவிட்டாள். ரோஷத்தில் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன், அதற்கு முன்னாலும் அவள் பாதிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று நான் கவனிக்கவே இல்லை. அவள் தட்டை நானேதான் கழுவுகிறேன், நானேதான் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். பயிற்சியில் முழங்காலுக்குக் கீழே வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டாளாம். காலைப் பிடித்துப் பார்த்த அந்த ஆசிரியை என் முன்னாலேயே, சமையல் குறிப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாக, "மாசா மாசம் ஒழுங்கா வருதா" என்று கேட்டாள். இவள் என்னைப் பார்க்காமலே, "ஆறு மாசமா இல்ல மிஸ், நல்லா பயிற்சி பண்ணா நின்னுடும்னு பெரிய பொண்ணுங்க சொன்னாங்க, நின்னா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். அலமாரியில் நான் பார்த்தது பிந்திய மாதக் கணக்குதான், அதற்கு முந்திய பாக்கெட்டுகளைக் கூட ஓடுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஆசிரியை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். "லேசா இருந்தா வேகமா ஓடலாம்னு நான்தான் எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னேன் பாட்டி" என்றாள். என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்ற மாதிரி இருந்தது. மூன்று பேருமாக லேடி டாக்டரிடம் போனோம். டாக்டர் சின்னப் பெண், முதலில் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு இவளோடு தனியாகப் பேசினாள். எனக்கு அது குத்தியது, ஆனால் நான்கு பாக்கெட்டை மேடையில் வைத்தவளை வெளியே நிறுத்தாமல் வேறு என்ன செய்வார்கள். அப்புறம் சிறுநீர், ரத்தம், கால் எலும்புக்குப் படம் எல்லாம் எடுத்தார்கள். நான் நினைத்தது இல்லை என்று அரை மணியில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழ் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருப்பதும் தெரிந்தது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. "ஓடறது தப்பில்ல பாட்டி, ஓட்டத்துக்கு வேண்டியதைச் சாப்பிடாம ஓடினதுதான் தப்பு, வரவு கம்மி, செலவு ஜாஸ்தி, உடம்பு பயந்துபோய் ஒரு கதவைச் சாத்திக்கிச்சு" என்றாள். எந்தக் கதவு என்று கேட்டேன். பிள்ளை பெறுகிற வேலை உடனே தேவையில்லாத வேலை, அதனால் மூளை முதலில் அதை நிறுத்திவிடுமாம். எனக்குச் சட்டென்று எங்கள் பாய்லர் ஞாபகம் வந்துவிட்டது. நீராவி குறைந்தால் சூப்பர்வைசர் ஓடிவந்து ஒவ்வொரு குழாயாக மூடுவார், முதலில் ஜன்னல் திரைக்கு, அப்புறம் மேசை விரிப்புக்கு, ஆபரேஷன் தியேட்டர் துணிக்குப் போகிற குழாயை மட்டும் தொட மாட்டார். அதைச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, "அதேதான் பாட்டி, இனிமே நானும் அப்படியே சொல்றேன்" என்றாள். எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு தெரிகிற ஒல்லிப் பெண்ணுக்குத்தான் இப்படி ஆகும் என்று இல்லையாம், பார்க்க நன்றாக இருக்கிற பெண்ணுக்கும் ஆகுமாம், அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லையாம். அந்தக் குழாய் மூடியிருக்கிற நாளெல்லாம் எலும்புக்கும் சத்து சேராது, இந்த வயசில் சேர்க்க வேண்டியதைச் சேர்க்காவிட்டால் பின்னால் சேர்ப்பது கஷ்டம், கீறல் அதனால்தான் என்றாள். மாத்திரை கொடுத்து வரவழைத்துவிடுங்களேன் என்று நான் அவசரப்பட்டேன். மாத்திரையில் வந்தால் சரியான மாதிரி தெரியும், சரியாகியிருக்காது, சாப்பாடும் ஓய்வும்தான் மருந்து, மூன்று மாதமும் ஆகலாம், ஆறும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. ஆசிரியையும் இவளும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். நான் டாக்டரிடம், நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது கேட்டால் சொல்ல முடியுமா அம்மா என்று கேட்டேன். மகளே, உனக்கும் உன் அண்ணனுக்கும் மூத்தது ஒன்று இருந்து தங்கவில்லை என்று நீ சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். நீ வீடு வரைந்தால் வாசலில் மூன்று பிள்ளை நிற்கும், இரண்டுக்கு வண்ணம் அடித்துவிட்டு ஒன்றை வெறும் பென்சிலில் விட்டுவிடுவாய். அதைப் பற்றித்தான் கேட்டேன். எனக்குக் கல்யாணமான புதுசு, இருபத்தொரு வயசு, நான் உருண்டையாக இருப்பேன். உன் அத்தை வாய்த் துடுக்கு உனக்குத் தெரியும், கல்யாணத்தன்றே எல்லார் முன்னாலும், "எங்கண்ணனுக்கு ஒரே மேடையில ரெண்டு பொண்ணைக் கட்டி வெச்சுட்டாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து நான் காலையில் வெறும் தேநீர். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நெட்டச்சியிடம் தள்ளிவிடுவேன். வேலைக்கு ஒன்றே கால் மணி நேரம் நடை, திரும்பி வரவும் அதே. உன் அப்பா ஓட்டுகிற பஸ்ஸே அந்த வழியில்தான் போகும், என்னைப் பார்த்ததும் நிறுத்தி ஹாரன் அடிப்பார், நான் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். உள்ளே இருக்கிறவர்களெல்லாம், "டிரைவருக்கு வீட்டுல சண்டைடோய்" என்று ஜன்னல் வழியே சிரிப்பார்கள். அவர் கொஞ்ச தூரம் மெதுவாக என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வருவார், பின்னால் வருகிற வண்டிகள் திட்டுகிற வரைக்கும். அந்தத் தெருவில் அப்போது இரண்டு பக்கமும் மரம், காலை வெயில் பஸ் கண்ணாடியில் பட்டு என் மேலே ஓடும். இன்றைக்கும் அந்த ஹாரன் சத்தம் எனக்குக் கேட்கிறது, அதைவிட அழகாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, நான்தான் ஏறவில்லை.

மூன்று மாதம் நான் தலையணை உறை மேசைக்குப் போகவில்லை. நெட்டச்சி விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து, "என்னடி, உக்காரவே மாட்டேங்கிற" என்றாள், மறுநாள் சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது, அதற்கு மறுநாள் என் மாமியாருக்கு. தினமும் என் டப்பாவைத் தின்றவளுக்கு நான் தின்னாதது தோன்றவில்லை பார். என் மாமியார் கண்டிப்பான மனுஷி, அதுவரைக்கும் என்னோடு நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்றைக்கு வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்புறம் நடக்க விடவில்லை, உன் அப்பா பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினாள், காலையில் பால், முட்டை, மத்தியான டப்பாவை நானே சாப்பிட வேண்டும் என்று நெட்டச்சியிடம் சத்தியம் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட தலையணை உறை ஒன்றை நான் துடைக்கிற துணியாகக் கொண்டுவந்திருந்தேன், அதை வெட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை தைத்தாள், பொத்தானுக்குப் பதில் நாடா. இரண்டு மாதம் ராணி மாதிரி இருந்தேன். ஒரு நாள் வேலையில் நின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. அன்றைக்கு மேசையில் என்னை உட்கார வைத்துச் சுற்றி நின்று பதினொரு பேரும் அழுதார்கள், சூப்பர்வைசர் என்ன ஏது என்று தெரியாமல் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மாமியார் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். உன் அண்ணன் பிறந்தபோது அதை எடுத்தேன், "வேண்டாம், அது பெரியவனுது" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அந்த ஒரு நாளை அவள் இருந்த வரைக்கும் அவளும், அவளுக்குப் பின்னால் நானும், வருஷா வருஷம் வாய் திறக்காமல் நினைத்திருக்கிறோம்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டாள். உறுதியாக இப்போது சொல்ல முடியாது பாட்டி, ஆனால் நீங்கள் சொல்கிறதைப் பார்த்தால் குழந்தை என்று ஒன்று இல்லாமலே இருந்திருக்கலாம், சாப்பாடு நின்றதால் நின்றது, சாப்பிட்டதால் வந்தது என்றாள். நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். சட்டை வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "இருந்ததுன்னே இருக்கட்டுமே" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது, இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று கேட்காதே. போகாத உயிருக்கு அழுதேனா, வராத உயிருக்கு அழுதேனா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது, அந்த வீட்டில் ஒருத்தராவது நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டிருந்தால் அந்தச் சட்டையே தைத்திருக்க மாட்டார்கள். நாற்பத்தாறு வருஷம் கழித்து நானும் கேட்கவில்லை, யாருடி அவன் என்றுதான் கேட்டேன். இதை அப்படியே இவளிடம் சொன்னேன், சட்டையையும் எடுத்துக் காட்டினேன். விரலை அதன் கைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "உங்களுக்கு எடை எவ்வளவு குறைஞ்சது பாட்டி" என்றாள். எங்கள் வீட்டில் எடை பார்க்கிற மெஷினே கிடையாது, உன் அத்தை வாய்தான் மெஷின் என்றேன். ஒன்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய எடை மெஷின் மேல் அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். நீ போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்கு முன்னால் எத்தனை செகண்ட் என்று கேட்பாய். இரண்டு கிலோ குறைந்தால் ஒரு செகண்ட் குறையும் என்று எங்கேயோ படித்ததை நீதான் சொன்னாய், அவள் அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், ஆறு கிலோ என்று இலக்குப் போட்டு. நீ கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. கூட இருந்து பார்க்க முடியாதவள் செகண்டைத்தான் பிடித்துக்கொள்வாள், வேறு எதைப் பிடிப்பது. மெஷினை ஆசிரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது ஓட்டம் கிடையாது, கால் ஆறுகிற வரைக்கும் நடையும் அளவோடுதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு வேளை பால், முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், உன் அப்பா தட்டை எண்ணிக்கொண்டு எதிரே உட்காருகிறார், அவர் பங்குக்கும் சேர்த்துக் கடலை காலியாகிறது. முதல் வாரம் சாப்பிட்டுவிட்டு அழுதாள், வயிறு உப்பிவிட்டது, கால் கனத்துவிட்டது, எல்லாம் போச்சு என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள், நான் அலமாரியை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பெரிய போட்டிக்குத் தேர்வு அடுத்த மாதம். இவள் இந்த வருஷம் ஓட மாட்டாள், குணமானதும் அடுத்த வருஷம் குழுவில் இடம் வேண்டும் என்று பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இடத்தை வைத்திருப்பார்களாம். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். நானும் உன் அப்பாவும் போடலாம் என்றுதான் பள்ளியில் சொன்னார்கள், இவள்தான் விடவில்லை. "நான் ஓடறதைத்தான் அம்மா அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க, இப்ப என்ன சொல்வாங்க, அம்மாவே கையெழுத்துப் போட்டா நிக்கிறேன், இல்லன்னா கால் கட்டை அவுத்துட்டு ஓடிடுவேன்" என்கிறாள். ஓடியும் விடுவாள், உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. இன்னொரு தடவை அந்தக் காலோடு ஓடினால் எலும்பு முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். அதனால் எல்லாம் இப்போது உன் கையெழுத்தில் நிற்கிறது, கையெழுத்தைவிட அதோடு நீ எழுதுகிற நாலு வரியில். இதுவரைக்கும் எழுதியதை இவள் வாங்கிப் படித்தாள். மாங்காய்ப் பை வந்த இடத்தில் சிரித்தாள். "எடை மெஷின் விஷயத்தை அடிச்சிடுங்க பாட்டி, அம்மா வருத்தப்படுவாங்க" என்றாள். நான் அடிக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற அவள் மறைக்கிறாள், அவளைக் காப்பாற்ற நீ செகண்ட் கேட்கிறாய், நடுவில் ஒரு கிழவி உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாதக் கடைசிக்குள் படிவம் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே, கையெழுத்தை இரண்டு இடத்தில் போட வேண்டும், நான் பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஓட்டத்தை எடுக்காதே, அவள் இந்த வாரம் படித்த புத்தகத்தைக் கேள், இல்லாவிட்டால் உன் அப்பா விமானத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று கேள், அரை மணி நேரம் போகும். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல், கேட்டதும் நினைத்ததும் கைகூடி, இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒன்று. போன மாதம் பேசும்போது நீ சிரித்துக்கொண்டே, வேலைக்கு நடந்தே போய் வருகிறேன், ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அந்த நாட்கள்கூட இரண்டு மாதமாக முன்னே பின்னே ஆகிறது, நாற்பது தாண்டினால் அப்படித்தானே அம்மா என்றாய். நானும் பெருமையாக, நல்லதுதானே, இளைச்சா அழகுதான் என்றேன். அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன், வயசு காரணமோ சாப்பாடு காரணமோ, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு. போனில் உன் முகம் மட்டும்தான் வருகிறது, அதையும் நீ மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறாய். தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிகிற மாதிரி, குளிருக்குப் போடுகிற மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, புதுசாக ஒரு போட்டோ எடுத்து, படிவத்தோடு வைத்துத் தபாலில் அனுப்பு. பார்த்துவிட்டு நானாக எதையும் முடிவு கட்ட மாட்டேன். உன்னைக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா